மோரிஸைப் பார்க்க வந்தவர்கள்

வெறுங்கையோடு ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கக்கூடாது என்று சொல்லித்தான் செல்லாயி அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்குள் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் ஒரு பிஸ்கட் டின்னையும் வைத்தாள். அதற்கு மேல் வெற்றிலையும் பாக்கும். அது எனக்கு. மெல்லாமல் பஸ்ஸில் என்னால் உட்கார முடியாது என்று என் பெண்டாட்டிக்குத் தெரியும்.

"நாங்க போறது பழைய காடி பாக்கடி. பொண்ணு பாக்க இல்ல" என்றேன்.

"காடி வச்சிருக்கிறவனும் மனுசன்தானே. பேசாம தூக்கிட்டுப் போங்க."

என் தோட்டத்துச் சிநேகிதன் லூர்துசாமி காலைப் பூசை முடித்து நேராக வந்து நின்றான். முழுக்கை வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கழுத்தில் பவுடர். சட்டைப் பையில் பேனா செருகும் இடத்தில் மட்டும் ஒரு டெஸ்டர் செருகியிருந்தான். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஆள். கல்யாணப் பேச்சை எடுத்தால் டிராக்டருக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று எழுந்து போய்விடுவான். செல்லாயி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காடி உங்களைப் பாத்து மயங்கிரும் லா அண்ணே" என்றாள்.

எழுபத்து நாலாம் வருஷம் அது. அப்போது நான் ஈப்போவில் ரோட்டு வேலைக்கு வந்துவிட்டேன். லூர்து மட்டும் பழைய ரப்பர் தோட்டத்திலேயே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் தேடிக்கொண்டிருந்தது ஒரு மோரிஸ் மைனர் கார். அதன் எஞ்சினுக்காக.

அந்த எஞ்சின் எதற்கு என்று சொல்ல வேண்டுமென்றால் தவளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்து வெள்ளைக்கார துரை வைத்திருந்த காடி அது. கூரை கிடையாது, இரண்டே சீட்டு. முன்மூடியின் மேல் இரண்டு விளக்குகள் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும். துரை அதை ஸ்பிரைட் என்பார், நாங்கள் தவளை என்போம். விடியற்காலையில் அது மேட்டில் ஏறுகிற சத்தம் கேட்டால் பால்மரக் காட்டில் குந்தி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் எழுந்து வெட்டுக்கத்தியைக் கையில் பிடித்துக்கொள்வோம். எங்களுக்குப் பயம் கொடுத்த சத்தம் அது. லூர்துவுக்கு மட்டும் அது வேறு. காடியைக் கழுவுகிற வேலை அவனுடையது. சத்தத்தை வைத்தே, "இன்னிக்கி மூணாவது கியர் விழல" என்று சொல்லுவான். துரை சீமைக்குக் கப்பல் ஏறும்போது, "நீயே வைத்துக்கொள்" என்று அதை அவனுக்கே கொடுத்துவிட்டுப் போனார். துரை போன கையோடு ஆபீஸ் கிராணி எஞ்சினைக் கழற்றச் சொல்லி, நாங்கள் குடியிருந்த லயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பில் மாட்டிவிட்டார். ஒரு வறட்சியில் ராப்பகலாக ஓடி அது எரிந்து போனது. அந்தத் தண்ணீரை நானும் குடித்திருக்கிறேன். அதனால் குறை சொல்ல முடியாது.

தவளையின் உடம்பு மட்டும் புகைவீட்டில் கிடந்தது. ரப்பர் ஷீட் புகை போட்ட காலமெல்லாம் முடிந்து, தோட்டம் செம்பனைக்கு மாறிக்கொண்டிருந்தது. மூங்கில் கழிகள் மேலே காலியாகத் தொங்கும். கீழே அது நிற்கும். சீட்டில் உட்கார்ந்தால் புகைந்த ரப்பர் வாசம் எழும்பி மூக்கில் ஏறும். இப்போதுகூட எங்கேயாவது டயர் எரிந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த சீட்டுதான்.

புகைவீட்டுச் சுவர் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை மாதிரி கறுத்துப் போயிருந்தது. அதில்தான் லூர்து சாக்கட்டியால் திட்டம் போட்டான். துரையின் காடியை அப்படியே திரும்பச் செய்ய அவனுக்கு ஆசையில்லை. தன் காடியாக இருக்க வேண்டும். ரப்பர் பால் லோரியின் பழைய தார்ப்பாயில் மடக்குக் கூரை. சீட்டுக்குள் தென்னை நார். பெரிய பெரிய மேடு ஏறுவதற்குக் கொஞ்சம் உயர்த்திய சக்கரம். சாயம் என்ன என்பதில் மட்டும் வாராவாரம் மனசு மாறுவான். அந்தச் சமயத்தில் நான் தொழிற்சங்க மண்டபத்தில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். 'மனாவுக்கு உதடு ஒட்டணும், டனாவுக்கு நாக்கு மடங்கணும்' என்று வாத்தியார் எங்கள் வாயைப் பார்த்துப் பார்த்துத் திருத்துவார். அவன் படம் போடுவான், நான் பக்கத்தில் 'கூரை', 'சீட்டு', 'விளக்கு' என்று எழுதுவேன். என் எழுத்துக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான்.

"ரெண்டு சீட்டுத்தானடா. ஒண்ணுல நீ. இன்னொண்ணுல யாரு, ஆட்டுக்குட்டியா?" என்று கேட்டால், "நீ வா மச்சான்" என்பான்.

"நான் வந்தா செல்லாயிய எங்க வைக்க?"

"மூடி மேல. தவளைக்கு மூணாவது கண்ணு."

ஈப்போவில் பட்டறை வைத்திருந்த சீனக் கிழவர் ஒருவர் வந்து பார்த்தார். மூடியைத் தூக்கி, உள்ளே இருந்த வெறும் குழியை ரொம்ப நேரம் பார்த்தார். "பாடான் பாகுஸ். ஜந்தோங் தா அடா" என்றார். உடம்பு நல்லாயிருக்கு, இதயம்தான் இல்லை. மோரிஸ் மைனரிலும் இதே சாதி எஞ்சின்தான், ஒரு மோரிஸைத் தேடிப் பிடித்து அதிலிருந்து எடுத்துப் போடு என்றார். "ஒண்ணு சாவணும், ஒண்ணு பொழைக்கணும்" என்று அவர் மலாயில் சொல்லிச் சிரித்தது எனக்கு என்னவோ போலிருந்தது.

புது மேனேஜர் கிறிஸ்மஸுக்குள் புகைவீட்டை இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அதற்குள் எடுக்காவிட்டால் தவளை இரும்புக் கடைக்குப் போகும். நாங்கள் தேட ஆரம்பித்தோம். தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு மோரிஸ் பார்த்தோம். எஞ்சின் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரி குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் பேசலாம் என்றாள். பாரிட் புந்தாரில் ஒன்று வெள்ளத்தில் முழுகி, திறந்தால் சேறு வந்தது. அப்போதுதான் காம்பாருக்கு மணல் லோரி ஓட்டுகிற உடையப்பன் வந்து சொன்னான். ஈயம் தோண்டுகிற லம்பத்தில் வேலை பார்த்த அலெக்சாண்டர் என்று ஒரு பெரியவர், வீட்டுக் கொட்டகையில் ஒரு மோரிஸைத் தாலி மாதிரி காப்பாற்றி வைத்திருக்கிறார் என்று. "வர்ற ஞாயித்துக்கெழம மோரிஸைப் பாக்க வாரோம்னு சொல்லிடு" என்று லூர்து சொல்லி அனுப்பினான்.

காம்பாரில் இறங்கி, பழைய லம்பத்துக் குட்டைகளை ஒட்டி நடந்தோம். பலகை வீடு. கதவு ஜன்னலுக்கெல்லாம் புதுச் சாயம், வாசம்கூடப் போகவில்லை. வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியோரம் துணி காயப்போடுகிற சாக்கில் நின்றார்கள். அந்த வெயிலில் பெரியவர் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்.

"வாங்க வாங்க! உடையப்பன் சொன்னதிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல!" என்று கத்தினார். லம்பத்துப் பம்பு வீட்டில் காலமெல்லாம் நின்று காது போனவர். அதனால் நானும் கத்தினேன்.

"பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்!"

"பாக்கலாம், பாக்கலாம்! மொதல்ல ஒக்காருங்க, கேக்கு சாப்புடுங்க!" என் கையிலிருந்த பழத்தையும் வெற்றிலையையும் வாங்கி ஒரு தட்டில் வைத்து நடுவில் வைத்தார். எனக்கு வெற்றிலை போனதே என்றிருந்தது. பிறகு லூர்துவைப் பார்த்து, "தம்பிதானா?" என்றார்.

"தம்பிதான்" என்றேன்.

"தண்ணி கிண்ணி?"

கண்டவனுக்கும் காடியைக் கொடுக்கப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். "ஒண்ணும் கெடையாது! பூசைக்குப் போயிட்டு நேரா வாரான்!"

அவர் முகம் மலர்ந்தது. "நாப்பத்தி ரெண்டுல, ஜப்பான்காரன் காலத்துல. வயசாயிருச்சுன்னு நெனைச்சிராதீங்க. ஒரு கொறை கெடையாது."

லூர்து என் காதருகே குனிந்தான். "நாப்பத்தி ரெண்டுல மைனர் வரவே இல்லியே மச்சான்."

"பெரியவரு. வருசம் மறந்துருப்பாரு" என்றேன். அவரிடம், "ஓட்டம் எப்படி?" என்று கத்தினேன்.

"ஆங்?"

"ஓட்டம்! எப்படி?"

"ஆட்டமா? சேச்சே! வேலை விட்டா வீடு, வீடு விட்டா கோயிலு!"

"கோயிலுக்கு மட்டுந்தான் எடுக்கிறாரு போல. கம்மி ஓட்டம்" என்று லூர்துவின் கண் பளபளத்தது.

"முன்னாடி பல பேரு வந்து பாத்தாங்க. எல்லாம் ரொம்ப அதிகமா கேட்டானுங்க. வேணாம்னுட்டேன்" என்றார் பெரியவர்.

வாங்க வருகிறவன் எதற்கு அதிகம் கேட்கிறான் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து ஒரு பெண் கோப்பித் தட்டோடு வந்தாள். நீலச் சேலை. பெரிய அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் நிதானமான முகம். பெரியவர் எழுந்து நின்றார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இதுதான் டோரிஸு" என்றார்.

வேலியோரத்துப் பேச்சு நின்றது. லூர்து வாயில் கேக் இருந்தது. அவன் அதை மெல்லவுமில்லை, விழுங்கவுமில்லை. நான் தட்டிலிருந்த என் வெற்றிலையைப் பார்த்தேன், பழத்தைப் பார்த்தேன், அவனுடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். எல்லாம் ஒவ்வொன்றாகப் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நிற்கிற அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது?

டோரிஸ் கோப்பியை லூர்துவிடம் நீட்டும்போது அவன் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரைப் பார்த்தாள். அவன் பார்வை ஜன்னல் வழியாகக் கொட்டகைப் பக்கம் போய் வந்ததையும் பார்த்தாள். அப்பாவுக்குக் கேட்காத குரலில், சிரித்த முகம் மாறாமல் கேட்டாள்.

"நீங்க என்னையப் பாக்க வரல. இல்ல?"

"இல்ல" என்றான் லூர்து. அவனுக்குப் பொய் வராது.

"தெரியும். லோரிக்கார அண்ணே வந்தப்ப நானும் உள்ளதான் இருந்தேன். எனக்கு மோரிஸுன்னுதான் கேட்டுச்சு. அப்பா ஒதட்டைப் பாத்துத்தான் பேச்சைப் புரிஞ்சுக்குவாரு. அந்த அண்ணே லோரியை நிப்பாட்டாம, மொகத்தைத் திருப்பிக்கிட்டுக் கத்திட்டுப் போயிட்டாரு. அப்பாவுக்கு அது டோரிஸுன்னு விழுந்துருச்சு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்றேன்.

"சொல்லலாம்னு வந்தேன். அதுக்குள்ள கதவுக்குச் சாயம் அடிக்க ஆரம்பிச்சிட்டாரு." அவள் தட்டை எடுத்துக்கொண்டாள். "கேக்கு நாந்தான் சுட்டேன். சாப்புட்டுப் போங்க. காடியையும் பாத்துட்டுப் போங்க. ஆனா விலை மட்டும் கேட்டுராதீங்க. அது என் கல்யாணத்துக்குன்னு வாங்குனது. மாதா கோயிலுக்கு என்னைய அதுலதான் ஏத்திட்டுப் போவணுமாம்."

அவள் சொல்லி முடித்தபோது லூர்து தலை குனிந்திருந்தான். இதயத்தை எடுக்கத் தேடி வந்த இடம் அப்படிப்பட்ட இடமாக இருந்தது. இந்தக் காடியைக் கொடு என்று கேட்டால், உன் மகளுக்கு இனிமேல் கல்யாணம் இல்லை என்று சொன்ன மாதிரி.

பெரியவரே எங்களைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். சாம்பல் நிற மோரிஸ். மேலே போர்த்தியிருந்த விரிப்பில் பூ வேலை செய்திருந்தது. அவர் சாவியைத் திருப்பிவிட்டு வந்து முன்மூடியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி. பம்பு வீட்டுப் பழக்கம். காது போன பிறகு கையால்தான் கேட்பார் என்று டோரிஸ் சொன்னாள். "ஓடுது!" என்று அவர் எங்களைப் பார்த்துக் கத்தினார். லூர்து மூடியைத் தூக்கி உள்ளே குனிந்தான். நாங்கள் பார்த்ததிலேயே அவ்வளவு சுத்தமான எஞ்சின் அதுதான். அவன் கண் பசித்தவன் கண் மாதிரி ஆனது. பிறகு மூடியை மெதுவாக இறக்கி, சத்தம் வராமல் அழுத்தி மூடினான்.

திரும்பும்போது, பஸ் கோப்பேங் தாண்டியதும், "அது ஓடுற காடி மச்சான். ஓடுற காடியை எப்படி அறுக்கிறது?" என்றான். கொஞ்சம் கழித்து, "நின்னு ஓடும்போது லேசா ஒதறுது. கார்புரேட்டரைத் திருவிவிட்டா சரியாயிரும்" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டரைத் திருவப் போனான். அதற்கடுத்த வாரம் பிளக். பிறகு பிரேக். ஒவ்வொரு வாரமும் அந்த மோரிஸுக்கு ஏதோ ஒன்று ஆகிக்கொண்டே இருந்தது. செல்லாயி விடவில்லை. "அந்தக் காடிக்குக் கேக்கு சுடக்கூடத் தெரியுமாமே அண்ணே?" என்பாள். அவன் எண்ணெய் ஊற்றப் போய்விடுவான்.

கிறிஸ்மஸ் நெருங்கியது. மேனேஜர் ஆள் அனுப்பிவிட்டார். தவளையை வைக்க லூர்துவுக்கு லயத்தில் இடம் கிடையாது. ஒரு நாள் டோரிஸே, "இங்க கொண்டாந்து போடுங்க. கொட்டகையில எடமிருக்கு" என்று சொல்லிவிட்டாளாம். உடையப்பனின் லோரியில் ஏற்றினோம். புகைவீட்டை விட்டு வெளியே வந்த பிறகு நான் திரும்பிப் பார்த்தேன். சுவரில் என் கையெழுத்து வெள்ளையாகத் தெரிந்தது. கூரை, சீட்டு, விளக்கு. மறு வாரம் அந்தச் சுவரும் இல்லை. பிறகு அங்கே எவ்வளவோ தடவை போயிருக்கிறேன். செம்பனை மரங்கள் எல்லாம் ஒரே மாதிரி, எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

லோரி காம்பாருக்குள் நுழைந்ததும் தெருவே வாசலுக்கு வந்தது. கண்ணை உருட்டிக்கொண்டு, உள்ளே ஒன்றுமில்லாமல் வந்து இறங்கிய தவளையைப் பார்த்து அலெக்சாண்டர் பூரித்துப் போனார். "மாப்பிள்ள வீட்டுச் சீரு!" என்று வேலிக்கு அந்தப் பக்கம் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். லூர்து மட்டும் கயிற்றை அவிழ்க்கிற மாதிரி குனிந்துகொண்டான். கொட்டகையில் மோரிஸும் தவளையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நடுவில் ஒரு ஆள் நிற்கிற சந்து.

அன்றைக்கே அது நடந்தது. மோரிஸை ஓடவிட்டு டோரிஸ் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தாள். லூர்து சொல்லச் சொல்ல எண்ணெய்ப் பெடலை அழுத்திக்கொண்டிருந்தாள். பெரியவர் சந்தில் நின்று முன்மூடியின் மேல் கையை வைத்திருந்தார். ஓட்டம் சீராக இருந்தது. சந்தோஷத்தில் அவர் சொன்னார்:

"சாமியாரைப் பாத்துட்டு வந்தேன்! வர்ற ஞாயித்துக்கெழம கோயில்ல ஓலை படிக்கச் சொல்லலாமா?"

ஓலை படித்தால் முடிந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சாமியார் சபைக்கு நடுவில் கேட்பார். லூர்து என்னைப் பார்த்தான். டோரிஸ் எஞ்சினை நிறுத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"அப்பா! அவங்க மோரிஸைப் பாக்க வந்தவங்கப்பா! என்னையப் பாக்க வரல!"

"ஆங்?"

அவள் கழுத்து நரம்பு புடைத்தது. தெருவே கேட்கிற மாதிரி மறுபடியும் கத்தினாள். "மோரிஸைத்தாம்ப்பா! என்னைய இல்ல! இந்த எஞ்சினைக் கழட்டிக்கத்தான் வந்தாங்க!"

பக்கத்து வீட்டில் துணி அடிக்கிற சத்தம் நின்றது. ஒரு பெண் அதை ஒரு தடவை சொல்வதே பாவம். அவள் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பெரியவர் அவளையே பார்த்தார். பிறகு திரும்பி, மூடி திறந்து கிடந்த தவளையைப் பார்த்தார். அந்த வெறும் குழியை, அதில் தொங்கிய வயர்களை, எஞ்சினுக்கென்று லூர்து துடைத்து வைத்திருந்த இடத்தை. அங்கிருந்து அவர் கண் மோரிஸுக்கு வந்தது, மறுபடியும் அங்கே போனது. பம்புக்காரர், அளவு பார்க்கத் தெரியும். கையை மட்டும் மூடியிலிருந்து எடுக்கவில்லை.

"நீ சொல்லு தம்பி" என்றார். முதல் தடவையாக அவர் கத்தாமல் பேசியதைக் கேட்டேன். "நீ யாரைப் பாக்க வார?"

கேட்டுவிட்டு லூர்துவின் வாயைப் பார்த்தார். கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டை. நான் லூர்துவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மனாவுக்கு உதடு ஒட்டும், டனாவுக்கு ஒட்டாது; மோரிஸா டோரிஸா என்று பார்க்கிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் பின்கழுத்தும் அதில் வழிந்த வியர்வையும்தான்.

அவன் சொன்னான். ஒரே வார்த்தை. அந்த நேரம் பார்த்து டோரிஸின் கால் அழுந்தியதோ, அவளே அழுத்தினாளோ, எஞ்சின் கொட்டகைத் தகரம் அதிர உறுமியது. என்னடா சொன்னே என்று எத்தனையோ வருஷமாகக் கேட்கிறேன். "எஞ்சின் சத்தத்துல எனக்கே கேக்கல மச்சான்" என்பான்.

நான் பார்த்தது பெரியவரின் முகத்தைத்தான். அவர் இன்னும் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கண்ணாடிக்குள், டோரிஸும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கால் தளர்ந்திருக்க வேண்டும். உறுமல் இறங்கி, இறங்கி, உதறல் இல்லாமல் ஒரே சீராக வந்து நின்று ஓடியது. சாம்பல் நிற மூடியின் மேல் பெரியவரின் ஐந்து விரல்களும் விரிந்தபடி, லேசாக அதிர்ந்துகொண்டிருந்தன.